பங்காளி சபை

இந்த ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள் சபைக் கமிட்டியின் சம்மதத்தை வாங்கியே தீருவது என்று செயலாளரம்மா கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். சம்மதம் என்றால் ஏனோதானோ சம்மதம் அல்ல. கடல் தாண்டி இருக்கும் ஒரு சபையும் இந்தச் சபையும் ஒன்றுக்கொன்று துணையாக இருப்பதென்ற உடன்படிக்கை. இந்த மாதிரி விஷயத்துக்குக் கமிட்டியில் அத்தனை பேரும் ஒருமனதாகத் தலையாட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு தலை ஆடாவிட்டாலும் போயிற்று. அந்த ஒரு தலை எதுவென்றும் அவளுக்குத் தெரியும். அவளுடைய சொந்தக் கொழுந்தனின் தலை.

கடல் தாண்டிய சபையோடு பழக்கம் ஆரம்பித்து மூன்று வருடம் இருக்கும். சனிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பக்கமும் கூடி ஜெபம் செய்வார்கள். பாதி நேரம் படம் உறைந்து நிற்கும். வாயைத் திறந்தபடி உறைந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொல்லிப் பழகிவிட்டார்கள். நடுவில் ஒருநாள் அங்கிருந்து பார்சல் வந்தது. பிரித்தால் முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டுகள். இந்த ஊர் வெயிலுக்கு அதைப் போட்டால் ஆள் அவிந்தே போவான். பாஸ்டர் வீட்டு நாய் மட்டும் ஒரு கோட்டைப் படுக்கையாக ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் நன்றி சொல்ல வேண்டாமா? எல்லாரையும் வாசலில் நிறுத்தி, கையில் கோட்டைக் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்தவள் செயலாளரம்மாதான். கூட்டம் வேர்த்துக் கொட்டியபடி சிரித்தது. அந்தப் படத்தை அனுப்பும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வாங்குகிற கை, வாங்குகிற கை என்று எத்தனை நாளைக்கு? நம்மிடம் இருந்து அவர்களுக்கு ஒன்றுமே தேவைப்படாதா?

தேவைப்பட்டது. இந்த வருடம் அங்கே அவர்களுடைய போதகர் இறந்துபோனார். சின்னச் சபை, நரைத்த தலைகளே அதிகம். புதுப் போதகர் கிடைக்கவில்லை. யாராவது இறந்தால் நகராட்சி ஆள் ஒருவர் வந்து காகிதத்தைப் பார்த்துப் படித்துவிட்டுப் போகிறாராம். பொறுப்புக்கு ஆள் இல்லாத ஆலயத்தைக் குளிர்காலத்துக்குள் பூட்டிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. 'உங்கள் பாஸ்டரை ஆறு மாதத்துக்கு எங்களிடம் அனுப்ப முடியுமா?' என்று கேட்டிருந்தார்கள். தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி அதைப் படித்த செயலாளரம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்களிடமும் கேட்கத் தோன்றியதே என்று சந்தோஷம் தாங்கவில்லை. பாஸ்டரும் உடனே சரி என்றார். அவருக்கு அந்தக் கோட்டுகளில் ஒன்றையாவது நியாயமாகப் போட்டுப் பார்க்க ஆசை.

பாஸ்டர் போனால் இங்கே ஆராதனை நடத்துவது யார்? அங்கேதான் சிக்கல். சபையில் பிரசங்கம் செய்ய மேலிடத்து அனுமதி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செயலாளரம்மாவின் கணவர். இன்னொருவர் அவருடைய தம்பி. ஊருக்குள் பெரியவர், சின்னவர் என்று பெயர். இருவரும் மாறி மாறி நடத்தினால் ஆறு மாதம் ஓடிவிடும். ஆனால் பெரியவரும் சின்னவரும் முகம் கொடுத்துப் பேசி வருடக்கணக்காகிவிட்டது.

அப்பா விட்டுப்போன ஒரே கண்ணாடிக் கடையை நடுவில் பிளைவுட் பலகை அடித்து இரண்டாக்கியவர்கள் அவர்கள். பெரியவர் பக்கம் கண் பரிசோதனையும் ஃப்ரேமும். சின்னவர் பக்கம் கண்ணாடி தேய்க்கும் மெஷின். ஒன்றில்லாமல் மற்றொன்று பிழைக்காது. அதனால் வாடிக்கையாளர்தான் இந்தப் பக்கம் ஃப்ரேமை வாங்கி, தெருவில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, கண்ணாடி போட்டுக்கொண்டு, மறுபடியும் இந்தப் பக்கம் வந்து காதுக்குச் சரிபண்ணிக்கொண்டு போக வேண்டும். பார்வை மங்கியவர்களைப் படியேற்றி இறக்கும் இந்தப் புண்ணியத்தை இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் விடாமல் செய்துவந்தன. செயலாளரம்மாவும் தெருவில் கொழுந்தனைக் கண்டால் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

உடன்படிக்கையைக் கையோடு வாங்கிப்போக அங்கிருந்து ஓர் அம்மா வந்து சேர்ந்தாள். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஆறடிக்குக் குறையாத உயரம், ஆட்டோவில் மடங்கி உட்கார்ந்து முட்டியைக் காதருகே வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பார்த்த நிமிடத்தில் பிள்ளைகள் பஸ் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். செயலாளரம்மா வீட்டில்தான் தங்கல். இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. அதனால் இலக்கணத்தைப் பற்றி இருவருமே கவலைப்படாமல் வெகு வேகமாகப் பேசிக்கொண்டார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை நான் உங்க பாஷையிலயே பேசப்போறேன். ஃபோன்ல மாத்தி எழுதி வச்சிருக்கேன். யாருக்கும் காட்டமாட்டேன்" என்றாள் பஸ் அக்கா.

"எனக்கு மட்டும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன்" என்று செயலாளரம்மா கெஞ்சிப் பார்த்தாள். பஸ் அக்கா வாயில் விரல் வைத்துக் கண் சிமிட்டினாள். இந்த இடத்தில் செயலாளரம்மா கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருக்கலாம். விருந்தாளியாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் பஸ் அக்கா மேடை ஏறினாள். சபையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, உரக்க, தெளிவாகச் சொன்னாள்.

"நாங்கள் உங்கள் பங்காளிகள். எங்கள் பங்கை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறோம்."



அவள் சொல்ல நினைத்தது வேறு. நாங்கள் உங்களோடு கூட்டாகச் சேர்ந்தவர்கள், எங்கள் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வந்திருக்கிறோம் என்பதைத்தான் அந்தப் பாழாய்ப்போன ஃபோன் இப்படித் தமிழாக்கியிருந்தது. ஆனால் பங்காளி பங்கு கேட்டு வந்திருக்கிறான் என்றால் எந்தத் தமிழன் காதிலும் அது ஒரே ஒரு அர்த்தத்தில்தான் விழும். முன்வரிசையில் ஒருவர் கையில் இருந்த பாட்டுப் புத்தகம் நழுவியது. பின்வரிசையில் இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பஸ் அக்கா, தன் பேச்சு எல்லாரையும் தொட்டுவிட்டது என்று நினைத்து, கைகூப்பிப் புன்னகைத்தாள். செயலாளரம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

ஆசீர்வாதம் முடிவதற்குள் கதைக்குக் கைகால் முளைத்துவிட்டது. இந்த ஆலயம் கட்டின காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் கல்லெடுத்துக் கொடுத்தார்களாமே, அந்த உரிமையில் நிலத்தில் பாதி கேட்கிறார்களாம். இல்லை, பாஸ்டரை நிரந்தரமாகவே கூட்டிக்கொண்டு போகிறார்களாம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, "கோட்டை எல்லாம் திருப்பிக் கேப்பாங்களா? நான் அதை வெட்டித் தலகாணி தச்சுட்டேனே" என்று பதறினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கமிட்டி கூடியது. ஆலயத்தை ஒட்டிய சின்ன அறை, நீளமேசை, ஆடுகிற நாற்காலிகள். பாஸ்டர், தன் பயணத்தைத் தானே பரிந்துரைப்பது முறையல்ல என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டார். பஸ் அக்காவும் அழைக்கப்பட்டிருந்தாள். பெரியவர் கமிட்டியில் இல்லை. சின்னவர் இருந்தார், மேசையின் கடைசியில், கையைக் கட்டிக்கொண்டு.

செயலாளரம்மா எழுந்து, ஃபோன் செய்த கோளாறை விளக்கினாள். கூட்டம் சிரித்தது, கொஞ்சம் இளகியது. இதுதான் சமயம் என்று அவள் மேலே பேசினாள்.

"பங்காளிங்கற வார்த்தையை எடுத்துடுவோம். நம்ம தமிழ்ப் பிரதியில வேற வார்த்தை போட்டுக்கலாம். கூட்டாளின்னு வைப்போமா?"

"கூட்டாளிகளுடன் கைதுன்னுதான் பேப்பர்ல போடுவான்" என்றார் ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அவருக்கு அந்தச் சொல்லோடு வாழ்நாள் பழக்கம்.

"தோழமைச் சபை?"

"அது கட்சிக்காரங்க பேசுற பேச்சு. நாளைக்கு எந்தக் கூட்டணின்னு கேப்பாங்க."

"அப்ப சம்பந்தி சபைன்னு வைங்க" என்றாள் பாட்டுக்குழுத் தலைவி.

"யாரு பொண்ணு வீடு, யாரு மாப்பிள்ளை வீடு? அதுல ஒரு சண்டை கிளம்பும்."

சகோதரச் சபை என்றார் ஒருவர். அப்படியானால் யார் மூத்தவர் என்றார் இன்னொருவர். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பஞ்சமா என்று செயலாளரம்மாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. என்ன நடக்கிறது என்று பஸ் அக்கா அவள் கையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். நல்ல பெயர் தேடுகிறார்கள் என்று பூசி மெழுகினாள் செயலாளரம்மா.

"எனக்கு அந்த முதல் வார்த்தைதான் வேணும். பங்காளின்னா சரியா என்ன?" என்று பஸ் அக்கா விடவில்லை.

செயலாளரம்மா யோசித்தாள். பிறகு, தெரிந்த ஆங்கிலத்தில் முடிந்தவரை உண்மையாகச் சொன்னாள். ஒரே தாத்தா வழியில் வந்தவர்கள். சொத்தில் இவனுக்கு என்ன உண்டோ அவனுக்கும் அது உண்டு, யாரும் தயவு பண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டு வாங்க வேண்டாத உரிமை அது. அதனாலேயே அவர்கள் அடித்துக்கொள்வார்கள்.

பஸ் அக்கா நெற்றியைச் சுருக்கினாள். "தயவு இல்லை, உரிமையா? அப்ப ஏன் மாத்துறீங்க? எங்களுக்குத் தயவு பண்ண வேண்டாம். நாங்களும் தயவு பண்ண வரலை. அந்த வார்த்தையே இருக்கட்டும்."

செயலாளரம்மா இதைத் தமிழில் சொன்னதும் அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நல்ல முணுமுணுப்பு. போலீஸ்காரர்கூடத் தலையை ஆட்டினார். காரியம் கைகூடிவிட்டது என்று அவள் பேனாவை எடுத்தாள்.

அப்போதுதான் சின்னவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பல்ல.

"நல்ல வார்த்தைதான். ஆனா பங்காளின்னா என்னன்னு இந்த அறையில செயலாளரம்மாவை விட எனக்கு நல்லாத் தெரியும். எனக்கும் எங்க அண்ணனுக்கும் சேர்த்து ஆறு மாசத்துக்கு ஆராதனை முறை போட்டு எழுதிட்டாங்க. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வச்சு ஒரு வார்த்தை கேட்டாங்களா? கடல் தாண்டி இருக்கிறவங்களை வாரம் தவறாம எப்படி இருக்கீங்கன்னு கேக்குறாங்க. பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் உயிரோட இருக்கானான்னு கேட்டதுண்டா? போன மழைக்கு எனக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில கிடந்தேன். அதுக்கு முன்னாடி ராத்திரி பகலா இருமினேனே, பலகை என்ன கருங்கல்லா? கேட்டிருக்காதா? என்னால சம்மதிக்க முடியாது. வீட்டுக்குள்ள இல்லாத உறவை வெளிநாட்டுல காட்டி வேஷம் போட நான் வரலை."



இருமல் கேட்டிருந்தது. செயலாளரம்மாவுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. பிறகு ஒருநாள் அது நின்றபோது, அப்பாடா என்று கூட நினைத்திருந்தாள். இப்போது அதை நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

"அவர் என்ன சொன்னார்?" என்றாள் பஸ் அக்கா.

பூசி மெழுக இப்போதும் வழி இருந்தது. குடும்ப விஷயம், பிறகு சொல்கிறேன் என்றால் முடிந்தது. ஆனால் சின்னவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆங்கிலம் புரியும். செயலாளரம்மா பேனாவை மூடி வைத்தாள். அவர் சொன்னதை முதலில் இருந்து கடைசி வரை, ஒரு வரி விடாமல், பஸ் அக்காவிடம் சொன்னாள். இருமல் கேட்டிருக்காதா என்ற இடம் வந்தபோது ஒரு வரி கூடுதலாகவும் சேர்த்தாள். "கேட்டது. எனக்குக் கேட்டது. நான் போகலை."

பஸ் அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நாளைக்குக் காலையில எனக்கு விமானம். அதுவரைக்கும் காத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். கமிட்டி கலைந்தது.

செயலாளரம்மா வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கடைக்குப் போனாள். பஸ் அக்காவும் நீளக் கால்களை எட்டிப் போட்டுப் பின்னாலேயே வந்தாள். ஞாயிறு என்பதால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பெரியவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாருடைய ஃப்ரேமுக்கோ திருகாணி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, கவிழ்த்துட்டானா?" என்றார் நிமிராமலே.

"உங்க தம்பி கமிட்டியில பேசினார். அதை அப்படியே உங்ககிட்ட சொல்லப்போறேன். நடுவுல பேசாதீங்க."

"எனக்கு எதுக்கு? வேணும்னா அவனே வந்து சொல்லட்டும்."

"ஒரு நாள் முழுக்க நான் மொழிபெயர்த்துட்டுத்தான் இருக்கேன். இதையும் செய்யறேன். கேளுங்க."

சொன்னாள். தன் வார்த்தை எதையும் கலக்காமல், சின்னவர் சொன்ன தோரணையிலேயே சொன்னாள். வேஷம் என்ற சொல்லைக்கூட விடவில்லை. பெரியவர் திருகாணியை முடுக்கிக்கொண்டே கேட்டார். நிமோனியா என்ற இடத்தில் கை நின்றது.

"நிமோனியாவா? அவனுக்கா?"

"அவருக்குத்தான்."

"எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

"யார் சொல்லணும்? சொல்லவேண்டிய தூரத்துல இருக்கறது நாமதானே."

பெரியவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். சின்ன வயதில் இருந்தே அவனுக்கு நெஞ்சு பலவீனம் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பலகையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"இவங்க ஊர்ல ஆலயத்தைப் பூட்டப் போறாங்க. ஏன் பாஸ்டர் வரலைன்னு கேட்டா இவங்க என்ன சொல்லுவாங்க? நீங்க தலைகீழா நின்னாலும் சரி, நான் இன்னிக்கு அந்தப் பக்கம் போகத்தான் போறேன். கையெழுத்துக்காக இல்ல. கையெழுத்து வராட்டியும் போவேன். வர்றதா இருந்தா வாங்க" என்றாள் செயலாளரம்மா.

ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள். நாலு எட்டில் அந்தப் பக்கத்துப் படி. வாடிக்கையாளர்கள் ஏறித் தேய்ந்த படி. அவள் காலுக்கு அது பழக்கமில்லை. சின்னவர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணியைக் கண்டதும் துணியைக் கீழே வைத்தார்.

"தம்பி, இப்ப இருமல் இருக்கா?"

அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். செயலாளரம்மா திரும்பவில்லை. செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பெரியவர் படிக்குக் கீழே நின்றபடி, "உடம்பு எப்படி இருக்கு?" என்றார்.

"இப்பக் கேக்குறியா?"

"ஆமா. இப்பத்தான் கேக்குறேன். சொல்லப் பிடிக்கலைன்னா சொல்லாதே. நான் இங்கேயே நிக்கறேன்."

சின்னவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.  கடைசியில் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். "நிக்காதே. உனக்கு முட்டி வலிதானே."

பெரியவர் மேலே ஏறி உட்கார்ந்தார்.  மெஷினைத் தடவிப் பார்த்து, பெல்ட் தேய்ந்துவிட்டது என்றார் பெரியவர். தெரியும் என்றார் சின்னவர். பிறகு பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"பாஸ்டர் போனா முதல் ஞாயிறு யாரு?"

"நீயே எடு. ஆனா ஒண்ணு, மணிக்கணக்கா இழுக்காதே. நீ ஆரம்பிச்சா ஜனங்க கனவு கண்டு முடிச்சு எழுந்திருப்பாங்க."

"நீ மட்டும் என்ன? மைக்கைப் பிடிச்சுக் கத்துவே. குழந்தைங்க வீறிட்டு அழும்."

"கத்தினாத்தான் உன் பிரசங்கத்துல தூங்கினவன் எழுந்திருப்பான். மாறி மாறி வேண்டாம். ஒரே ஞாயிறுல நீ வேதபாடம் எடு, நான் பிரசங்கம்."

"அது எப்படி? நான் மூத்தவன், நான் பிரசங்கம்."

"மூத்தவன்னு இப்பத்தான் ஞாபகம் வந்ததா?"

சத்தம் ஏறியது. பலகை அதிர்ந்தது. தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். தலை இடிக்காமல் வாசலில் குனிந்து நின்ற பஸ் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் செயலாளரம்மாவின் தோளைத் தொட்டாள்.

"ரொம்பச் சண்டையாயிடுச்சா? நான் போய் எங்க ஆளுங்களுக்கு என்ன சொல்றது?"

செயலாளரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே, நீ பாதி நான் பாதி, ஆனா கடைசி ஜெபம் எனக்குத்தான் என்று கொழுந்தன் கத்திக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர் வர்றார்னு போய்ச் சொல்லுங்க" என்றாள்.